முன் வயலும் பழைய எக்செல்லும்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு விஷயம் ஏன் அப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "நடந்தா நடந்துட்டுப் போகுது, விடேன்" என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். விட முடிந்தால் விடமாட்டேனா? காரைக்காலில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எக்செல்தான். அங்கேயும் இந்தக் குணத்தால் நான் வாங்கிக் கட்டிக்கொள்வது கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டரும் உண்டு, புதுசும் உண்டு. எந்த மெஷினையும் தூக்கிப் போட மனசு வராத ஊர் இது. அதனால் ஒரே அறையில் ஒரே மென்பொருள் வேறு வேறு வயதில் உட்கார்ந்திருக்கும். புது மெஷினில் செய்த ஃபைலைப் பழைய மெஷினுக்குக் கொடுத்தால் முதலில் அது திறக்கவே மாட்டேன் என்றது. ஃபைல் பெயரின் வாலில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததுதான் காரணம். சரி, பழைய வடிவத்திலேயே சேமித்துக் கொடுப்போம் என்றால் ஒரு பெட்டி எழுந்து வந்து, இன்னின்னது போய்விடும், சம்மதமா என்று கேட்கும். எல்லோரும் படிக்காமலே சம்மதம் என்று அமுக்கிவிடுவார்கள். எனக்கு அந்தப் பெட்டியைப் படிப்பதில்தான் அலாதி சந்தோஷம். பழைய தாள் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் வரிசையோடு முடிந்துவிடும், புதுத் தாள் பத்து லட்சத்தையும் தாண்டும். மிச்சம் இருப்பதைப் பழையது வாங்கிக்கொள்ளாது. வண்ணங்களும் அப்படித்தான், பழையதுக்குத் தெரிந்த வண்ணங்கள் கைக்கு அடக்கம். நாம் பார்த்துப் பார்த்துப் போட்ட இரண்டு பச்சைகளை அது ஒரே பச்சையாக்கிவிடும்.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்றுதான். திறக்க முடியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஃபைலால் யாருக்கும் கெடுதல் இல்லை. திறந்துகொண்டு, எல்லாம் சரியாக இருப்பது போலக் காட்டிக்கொண்டு, உள்ளே வேறு ஏதோ ஆகியிருக்கும் ஃபைல்தான் ஆபத்து. இதை நான் அலுவலகத்தில் சொன்னபோது, "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார்கள். போன தை மாதம் அப்படிப்பட்ட ஒரு ஃபைல் எங்கள் அண்ணியின் வயலில் வந்து நின்றது.

அண்ணன் கத்தாரில் இருக்கிறார். நிலம் அம்பகரத்தூர் பக்கம். அண்ணன் போன பிறகு கொஞ்ச காலம் அதைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். குத்தகைக்காரர் விட்டுவிட்டுப் போனதும், அண்ணி திடீரென்று, "இந்த சம்பா நானே பாக்கறேன்" என்றார். அவர் பூவம் ஊர்ப் பெண், அப்பா உத்தியோகத்தில் இருந்தவர், சேற்றில் கால் வைத்து வளர்ந்தவர் அல்ல. அண்ணன் போனில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, ஒரு போகம் பாரு. ஒழுங்கா வீட்டுக்கு நெல்லு வரலேன்னா குத்தகைக்கு விட்டுடுவேன். அதுக்கப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். அண்ணியும் சரி என்றார். ஆக, அந்த ஒரு போகம்தான் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. சொந்தக்காரர்கள் எல்லோரும் அறுவடைக்காகக் காத்திருந்தார்கள், அண்ணி தோற்பதைப் பார்க்க.

எங்கள் வயல் உள் வயல். எந்தக் காலத்திலோ பாகம் பிரித்தபோது ரோட்டோரத்துத் துண்டு ஒருவருக்கும் உள்துண்டு எங்களுக்கும் விழுந்துவிட்டது. ரோட்டோரத்து முன் வயல் இப்போது காரைக்கால் டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு பாயுடையது. இரண்டுக்கும் நடுவில் வண்டிப் பாதை கிடையாது. அறுவடை மெஷின் வர வேண்டுமென்றால் முன் வயலை முதலில் அறுத்து, அந்தத் தாளடியின் மேல் ஏறித்தான் எங்கள் வயலுக்குள் இறங்க வேண்டும். எங்கள் பக்கம் எல்லா உள் வயலுக்கும் இதுதான் முறை. முன் வயல்காரரும் உள் வயல்காரரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்துக்கொள்வார்கள்.

மெஷின் வெளியூரிலிருந்து வருவது. ஒரு சுற்று சுற்றிவிட்டு அடுத்த தாலுகாவுக்குப் போய்விடும். அதனால் யாருக்கு முன், யாருக்குப் பின் என்று வரிசை போடுவதில் வருஷா வருஷம் சண்டை. சண்டை வேண்டாம் என்று உழவர் குழுவின் செயலாளர் தீபாவளிக்கு வந்த தன் மாப்பிள்ளையைப் பிடித்து ஒரு எக்செல் ஃபைல் போட்டுத் தரச் சொன்னார். செயலாளரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். மாப்பிள்ளை பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். அவருடைய லேப்டாப்பில் எல்லாம் புத்தம் புதுசு. நட்ட தேதி, நெல் ரகம், அந்த ரகம் விளைய எத்தனை நாள், இந்த வயலுக்கு முன் வயல் எது, இவ்வளவையும் முதல் தாளில் போட்டால் இரண்டாம் தாளில் வரிசை தானே வந்து நிற்கும். நட்ட தேதியை மாற்றினால் வரிசையும் தானே மாறும். நிஜமாகவே அழகான வேலை. அதைப் பழைய வடிவத்தில் சேமித்து வாங்கி, குழு அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிரிண்ட் எடுத்து, அலுவலகத்தை ஒட்டிய குழு குடோன் சுவரில் ஒட்டினார்கள். பாய் வயலுக்கு அடுத்த வரியில் அண்ணியின் பெயர் இருந்தது. அண்ணி அதைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினார்.

கார்த்திகையில் மழை கொட்டியது. ரோட்டு மதகு அடைத்துக்கொண்டு முன் வயலில் தண்ணீர் நின்றுவிட்டது, பாயின் நடவு அழுகிப் போனது. எங்கள் வயல் கொஞ்சம் மேடு என்பதால் தப்பியது. எங்கள் தண்ணீரும் முன் வயலில் இறங்கிவிடாமல் வாய்க்காலில் வடியட்டும் என்று, அண்ணி கொட்டுகிற மழையில் மண்வெட்டியோடு போய் மடையைத் திறந்துவிட்டதை ஊரே பார்த்தது. பாய் அதோடு விட்டுவிடாமல் குறுகிய கால ரகமாகப் பார்த்து மறுபடியும் நட்டார். செயலாளர் புதுத் தேதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, புதிதாகப் பிரிண்ட் எடுத்து, பழையதன் மேலேயே ஒட்டினார்.

பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணி போன் பண்ணினார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தக் கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லுமா?"

"என்ன ஆச்சு அண்ணி?"

"நம்ம வயல் தலை சாஞ்சிருச்சு, நாலஞ்சு நாள்ல அறுத்தாகணும். பாய் வயல் இன்னும் பச்சையா நிக்குது, இப்பத்தான் பால் பிடிக்குது. லிஸ்ட்ல என்னடான்னா செவ்வாக்கெழமை பாய் வயல், அப்பறம் நம்ம வயல்னு போட்டிருக்கு. செயலாளர்கிட்ட சொன்னா, தேதியெல்லாம் மாத்தியாச்சு, குறுகிய கால ரகம்தானே, சேர்ந்து வந்துரும்னு கணக்குப் போட்டுத்தான் கம்ப்யூட்டர் வரிசையை மாத்தாம வெச்சிருக்கு, நம்மளவிட அதுக்குக் கணக்குத் தெரியும்கறாங்க."

தேதியை மாற்றியும் வரிசை மாறவில்லையா? எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே சரியாக இல்லை. அண்ணியின் வயலைப் பற்றிய கவலை பாதி, அது எப்படி மாறாமல் நிற்கிறது என்ற ஆவல் பாதி. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

குடோன் சுவரில் ஒட்டியிருந்த புதுத் தாளின் ஓரத்தை மெல்லத் தூக்கி, கீழே இருந்த தீபாவளிப் பிரிண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மேலே, பிரிண்ட் எடுத்த தேதி மட்டும் வேறு. வரிசையில் ஓர் இம்மிகூட மாற்றம் இல்லை. பாயைப் போல மறுநடவு செய்த இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்கள் முதலிலேயே வரிசையின் கடைசியில் இருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"என்னம்மா, சுவத்தைக் கிழிக்கறே?" என்று செயலாளர் வந்தார்.

"சித்தப்பா, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் திறங்களேன்."

"எங்க மாப்ள போட்டுக் குடுத்தது. அதுல தப்பு வராது."

"தப்பு கண்டுபிடிக்க வரல சித்தப்பா. எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கலாம்னுதான்."

அது பொய்யில்லை. கூட வந்திருந்த அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் மட்டும், இவளுக்கு இதெல்லாம் விளையாட்டாக இருக்கிறதே என்ற வருத்தம் தெரிந்தது.

கம்ப்யூட்டர் எங்கள் அலுவலகத்துக் கிழடுக்கும் அண்ணன். செயலாளர் அதை முடுக்கி, வழக்கம்போல முதலில் உர ஸ்டாக் ஃபைலைத் திறந்தார். அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அப்புறம்தான் மாப்பிள்ளையின் ஃபைல். முதல் தாளில் பாய் வயலுக்குப் புதுத் தேதி பளிச்சென்று இருந்தது, பாவம், அவர் ஒழுங்காகத்தான் ஏற்றியிருக்கிறார். இரண்டாம் தாளில் பழைய வரிசை அசையாமல் நின்றது. சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு தேதியை வேண்டுமென்றே ஒரு வருஷம் தள்ளிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் திரையின் அடியில், இடது மூலையில், 'கால்குலேட்' என்று ஒரு சொல் சின்னதாக நிற்பதைப் பார்த்தேன். அடப்பாவி! கணக்குப் போட வேண்டியது பாக்கி இருக்கிறது, போடவா என்று அது எத்தனை நாளாகவோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"சித்தப்பா, இதுல தானா கணக்குப் போடறதை யாரு நிறுத்தி வெச்சது?"

"அதுவா? ஸ்டாக் ஃபைல்ல ஒரு நம்பர் போட்டா அரை மணி நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். சேமிச்சாலும் சுத்தும். முன்னால இருந்த கிளார்க்குதான், வேணும்கறப்ப போட்டுக்கலாம்னு நிறுத்தி வெச்சுட்டுப் போனாரு."

பாதி விடை கிடைத்துவிட்டது. முதலில் திறக்கிற ஃபைலின் வழக்கத்தைத்தான் பின்னால் திறக்கிற ஃபைல்களும் பிடித்துக்கொள்ளும். உர ஸ்டாக் கணக்குப் போடாமல் சும்மா இருப்பதால் வரிசை ஃபைலும் சும்மா இருந்திருக்கிறது. அவ்வளவுதானே, போடச் சொன்னால் போட்டுவிட்டுப் போகிறது என்று நினைத்து, மாற்றிய தேதியைத் திருப்பி வைத்துவிட்டு, கணக்குப் போடும் விசையை அமுக்கினேன்.

வரிசை முழுவதும் காணாமல் போனது. அத்தனை பெயர்கள் இருந்த இடத்திலும் மேலிருந்து கீழ் வரை 'நேம்' என்ற ஒரே சொல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"ஐயையோ, என்னம்மா பண்ணினே!" என்று செயலாளர் எழுந்துவிட்டார். "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியே!"

எனக்கும் பயம்தான். ஆனால் பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள் ஒரு குதூகலமும் இருந்தது. ஒரு கட்டத்தின் மேல் வைத்து ஃபார்முலாவைப் பார்த்தேன். வரிசைப்படுத்தும் ஃபார்முலாவின் பெயருக்கு முன்னால், மாப்பிள்ளை எழுதியிருக்கவே முடியாத சில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. உடனே பெங்களூருக்குப் போன் போட்டோம்.

"அக்கா, அங்க இருக்கறது எந்த வெர்ஷன்?" என்றார் மாப்பிள்ளை. சொன்னேன். மாப்பிள்ளை நம்பவே இல்லை. "அதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கா?"

"நல்லாவே இருக்கு. நீங்கதான் அதுக்குப் புரியாத பாஷையில பேசியிருக்கீங்க."

அவரும் நானும் சேர்ந்து பேசிப் பேசி மீதி விடையைப் பிடித்தோம். அந்த வரிசைப்படுத்தும் ஃபார்முலா புது வெர்ஷனில் மட்டும் உள்ளது. பழைய வெர்ஷனுக்கு அது என்னவென்றே தெரியாது. ஆனால் புது மெஷினில் ஃபைலைச் சேமிக்கும்போது ஃபார்முலாவோடு சேர்த்து, கடைசியாக வந்த விடையும் உள்ளே பத்திரமாகப் போய்விடும். பழைய மெஷின் திறக்கும்போது அந்த விடையை எடுத்து அப்படியே காட்டும். மறுபடி கணக்குப் போடு என்று யாராவது சொன்னால்தான், எனக்கு இது தெரியாதே என்று கையை விரிக்கும். இங்கேதான் யாரும் சொல்லவே இல்லையே! தீபாவளிக்கு மாப்பிள்ளையின் லேப்டாப்பில் வந்த விடையைத்தான் தை மாதம் வரை குடோன் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கம்ப்யூட்டரும் பாயின் இரண்டாவது நடவைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கவில்லை.

"நான் போன் பண்ணிக் கேட்டிருக்கணும். பழைய வடிவத்துல சேமிச்சுக் குடுங்கன்னாரு, மெஷினே இவ்வளவு பழசுன்னு மாமா சொல்லவே இல்ல" என்றார் மாப்பிள்ளை.

"நீங்களும் கேக்கலையே மாப்ள" என்றார் செயலாளர்.

பழைய வெர்ஷனுக்கும் வரிசை போடத் தெரியும், சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சின்ன எண் எது, அதற்கடுத்தது எது என்று ஒரு ஃபார்முலாவில் எடுத்து, அது எந்த வரியில் இருக்கிறது என்று இன்னொன்றில் தேடி, அந்த வரியின் பெயரை மூன்றாவதில் கொண்டுவர வேண்டும். நான் எக்செல் கற்றுக்கொண்ட காலத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். மாப்பிள்ளை போனில் இருக்க, மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் அந்தப் பழைய முறையில் மாற்றி எழுதி, பழைய வடிவத்திலேயே சேமித்தேன். உர ஸ்டாக்கை மூடிவிட்டு, தானாகக் கணக்குப் போடும்படி திருப்பி வைத்தேன். இந்தத் தடவை பெயர்கள் ஒழுங்காக வந்து நின்றன. எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

அப்புறம்தான் வரிசையைப் படித்தேன். பாய் வயல் கீழே கீழே போய் மாசிக்குள் போய்விட்டது. உள் வயல் முன் வயலுக்குப் பிறகுதான் என்று ஃபைலிலேயே விதி இருக்கிறது, அதனால் அண்ணியின் பெயரும் கூடவே இறங்கி, பாய்க்கு அடுத்த வரியில் போய் நின்றது. அதற்குள் மெஷின் ஊரை விட்டே போயிருக்கும்.

கணக்கு அப்பழுக்கில்லாமல் சரி. பழைய வரிசையில் பொய்யாகவாவது செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் இருந்தது, அதையும் நான் போய்ப் பிடுங்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுதான் நெஜமா?"

"ஆமா அண்ணி."

"இப்பவே தெரிஞ்சது நல்லது. செவ்வாக்கெழமை மெஷின் வந்து ரோட்டுல நிக்கறப்ப தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்?"

செயலாளர் தலையைச் சொறிந்தார். "நான் என்னம்மா பண்றது? பச்சைப் பயிருக்குள்ள மெஷினை விடச் சொல்லி யாருகிட்டப் போய்க் கேக்கறது? கையறுப்புன்னா ஆளும் கிடைக்காது." மற்ற மூன்று பக்கமும் வழி கிடையாது. ஒரு பக்கம் குளத்தங்கரை, ஒரு பக்கம் வாய்க்கால், மூன்றாவது பக்கம் வேலி போட்ட தென்னந்தோப்பு. போதாக்குறைக்குக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. கிளிஞ்சல்மேட்டில் படகுகளைக் கரையேற்ற ஆரம்பித்துவிட்டார்கள் என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டார்கள். தலை சாய்ந்து நிற்கும் நெல்லில் தை மழை விழுந்தால் கதிர் தண்ணீரில் படுத்து முளைவிட்டுவிடும்.

"பாய்கிட்ட அண்ணனை விட்டுப் போன்ல பேசச் சொல்லலாமா?" என்றேன்.

"வேணாம். நட்டது நான்தானே? நானே வந்து கேக்கறேன்" என்றார் அண்ணி.

டவுனுக்கு வந்தோம். இரும்புக்கடையில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் எங்களை உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டு, அண்ணி சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், "ரெண்டு தடவை நட்ட பயிரும்மா அது" என்றார். "மொத நடவு அழுகி மௌத்தாப் போனப்ப மனசு விட்டுப்போச்சு. இது நிக்கறதைப் பாத்துத்தான் கொஞ்சம் தெம்பா இருக்கேன். அதுல மெஷினை ஏத்துங்கறீங்க."

பாய் என் பக்கம் திரும்பினார். "அது சரி, கம்ப்யூட்டர் எப்படி இத்தனை நாளா மாத்திச் சொல்லுச்சு? எனக்கு அதைச் சொல்லுங்க மொதல்ல."

கடை ரசீதின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு விளக்கினேன். அவருக்கும் என்னைப் போலவே ஆவல், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லாதா அது?"

"கேட்டாத்தான் சொல்லுது பாய். கேக்காத வரைக்கும் பழசையே காட்டிக்கிட்டு இருக்கு."

"நல்ல கூத்து" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு ரொம்ப நேரம் கம்பி ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அண்ணியிடம், "அந்த மழையில எங்க வயல்ல தண்ணி ஏறாம வாய்க்கா மடையத் தொறந்துவிட்டது நீங்கதானேம்மா? எங்க ஆளு வந்து சொன்னான்" என்றார்.

"ஆமாங்க பாய்."

"வடக்கு வரப்பை ஒட்டி மெஷின் போற அகலம். அதுக்கு மேல ஒரு பயிர் சாயக் கூடாது."

"மெஷின் மிதிக்க வேணாம் பாய். பால் பிடிக்கற கதிரு. நானே கையால அறுத்து வழி விட்டுக்கறேன். பச்சையை உங்க மாட்டுக்கே அனுப்பிடறேன்."

பாய் தலையாட்டினார். "ஆனா எனக்கு ஒரு வார்த்தை வேணும். அடுத்த சம்பா நீங்களும் நானும் ஒரே ரகம், ஒரே நாள்ல நடவு. முன்ன பின்ன ஆகக் கூடாது. கம்ப்யூட்டருக்கும் வேலை கிடையாது. சம்மதமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த சம்பாவா? அண்ணன் கொடுத்தது ஒரே ஒரு போகம். அதுவே இன்னும் வீடு வந்து சேரவில்லை. நான் அண்ணியின் கையைத் தொட்டேன், பிறகு சொல்கிறோம் என்று சொல்லச் சொல்லி. அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"சம்மதம் பாய்."

"இன்ஷா அல்லாஹ்" என்றார் பாய்.

திரும்பிப் போய்ச் செயலாளரிடம் சொன்னதும் அவர் முதலில் நம்பவில்லை, பாய்க்கே போன் போட்டுக் கேட்டுக்கொண்டார். ஃபைலில் அண்ணியின் வரியில் 'முன் வயல்' என்ற கட்டத்தில் பாய் வயலின் எண் இருந்தது. அதை அழித்தேன். அண்ணியின் பெயர் கீழேயிருந்து குதித்து மேலே வந்து, செவ்வாய்க்கிழமை வரிசையில் உட்கார்ந்தது. இத்தனை வருஷம் எக்செல் பார்த்திருக்கிறேன், ஒரு கட்டம் அசைந்ததற்கு நான் கைதட்டியது அன்றைக்குத்தான். செயலாளர் சுவரிலிருந்த இரண்டு தாளையும் கிழித்துவிட்டுப் புதுசை ஒட்டினார்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். அண்ணியும் இரண்டு பெண்களும் நானும் வடக்கு வரப்பு ஓரமாகப் பச்சைப் பயிரை அறுத்தோம். நசுங்கிய கதிரிலிருந்து வெள்ளையாகப் பால் கையில் ஒட்டியது. அண்ணி ஒவ்வொரு பிடியையும் அறுப்பதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினார், அறுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். என் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. மறுநாள் பெல்ட் போட்ட அறுவடை மெஷின் அந்தச் சந்து வழியாக உள்ளே போனது. டிரைவர் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துப் பார்த்து, பாயின் பயிரில் இடிக்காமல் ஓட்டினார். கடைசி டிராக்டர் டிப்பர் குடோனுக்குள் நுழைந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. நானும் அண்ணியும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

அன்று சாயங்காலம் நாங்கள் குடோனிலேயே இருந்தோம், வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் வீடியோ காலில் வந்தார். நெல் வந்துவிட்டதா என்று கேட்டார். அண்ணி போனைத் திருப்பிக் குவியலைக் காட்டினார். அண்ணன் திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். அப்புறம் சமாளித்துக்கொண்டு, "பரவால்லையே, ஜெயிச்சுட்ட. ஆசை தீந்துச்சுல்ல? வர்ற வருஷம் நல்ல ஆளாப் பாத்துக் குத்தகைக்கு விட்டுடலாம்" என்றார்.

"விட முடியாது" என்றார் அண்ணி. "அடுத்த சம்பா ஒரே நாள்ல நடறோம்னு பாய்க்கு வார்த்தை குடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"ஆமா."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி அவரிடம் அப்படி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. போனில் அண்ணனின் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போகவில்லை, அவர் கண் சிமிட்டினார்.

"சரி" என்றார் கடைசியில், குரலை இறக்கி. "என்ன ரகம் போடப் போற?"

"இன்னும் முடிவு பண்ணல. பாயைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் அண்ணி.